கவியும் இராட்டையும்: தாகூர் – காந்தி விவாதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருவரும் நண்பர்களா, எதிர் அணியா?

நண்பர்கள். ஆனால் அச்சில், பெயர் சொல்லி, பல ஆண்டுகள் மோதிக்கொண்ட நண்பர்கள். "நாட்டின் இரு கண்கள்" என்று மேடையில் சொல்லி முடித்துவிடுவது ஒரு வகைச் சோம்பேறித்தனம். தாகூருக்குக் காந்தியைக் கண்டால் பொறாமை என்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது பேச்சு 1925-லேயே ஊரில் உலவியது. காந்தியே அதை எடுத்து வைத்து, அடிப்படையற்றது என்று எழுதித் தள்ளினார்.

முதல் சந்திப்பு எப்போது, எங்கே?

1915 மார்ச் 6, வங்காளத்தில் தாகூர் பள்ளி நடத்திய சாந்திநிகேதன். காந்தி அங்கே முதலில் போனது பிப்ரவரி 17. அப்போது தாகூர் ஊரில் இல்லை. பிப்ரவரி 19-ல் தன் அரசியல் குரு கோகலே இறந்த செய்தி வரவே காந்தி பூனாவுக்குக் கிளம்பினார். திரும்பி வந்தபோதுதான் சந்திப்பு. காந்தியின் ஃபீனிக்ஸ் ஆசிரமப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து ஏற்கெனவே அங்கே தங்கியிருந்தார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர் சி.எஃப். ஆண்ட்ரூஸ். இருவருக்கும் நெருக்கமான இந்த ஆங்கிலேயப் பாதிரியார் இல்லையென்றால் பாதிக் கடிதங்கள் எழுதப்பட்டே இருக்காது.

பின்னால் வந்த விவாதம் முழுக்க அந்த ஒரு வாரத்திலேயே தலைகாட்டிவிட்டது. சம்பளத்துக்குச் சமைப்பவர்களை நிறுத்திவிட்டு ஆசிரியரும் மாணவரும் தாங்களே சமைக்கலாமே என்றார் காந்தி. தாகூர் மறுக்கவில்லை, சுயராஜ்யத்தின் திறவுகோல் இதில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னார். மார்ச் 10-ல் வேலை தொடங்கியது. ஒரு கூட்டம் காய் நறுக்கியது, இன்னொன்று தானியம் புடைத்தது, ஆசிரியர்கள் சிலர் சமையற்கட்டைக் கழுவினார்கள். பாத்திரம் துலக்குகிறவர்களுக்கு அலுப்புத் தட்டாமலிருக்க மாணவர் குழு ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து சிதார் வாசித்தது. கொஞ்ச காலத்தில் சோதனை நின்றுபோனது. துலக்குவது காந்தி, சிதார் தாகூர் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும். இரண்டும் ஒரே முற்றத்தில் நடந்தன என்பதையும் மறக்க வேண்டாம். மார்ச் 10 இன்றும் அங்கே 'காந்தி புண்ணியாகம்' என்று கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று வளாகத்தைப் பெருக்குவதும் கழுவுவதும் மாணவரும் ஆசிரியரும்தான்.

'மகாத்மா' பட்டம் தாகூர் கொடுத்ததா?

பள்ளிப் பாடங்கள் அப்படித்தான் சொல்கின்றன. 1915 ஜனவரியிலேயே குஜராத்தின் ஜேத்பூரில் அளித்த வரவேற்பிதழில் அந்தச் சொல் இருக்கிறது. தாகூர் பிப்ரவரியில் ஒரு கடிதத்தில் பயன்படுத்தினார். சொல் அவர் கையிலிருந்து வந்ததால் நாடெங்கும் நிலைத்தது என்று சொன்னால் தப்பில்லை. காந்தி அவரைக் 'குருதேவ்' என்றும், எழுத்தில் 'கவி' என்றும் குறிப்பிட்டார்.

கருத்து வேறுபாடு எங்கே தொடங்கியது?

1919 ஏப்ரல் 12 தேதியிட்ட கடிதத்தில். விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்துக்கு எதிர்ப்பு மூண்டிருந்த நேரம். அதிகாரம் எந்த வடிவத்தில் வந்தாலும் பகுத்தறிவற்றது. சாத்வீக எதிர்ப்பும் ஒரு சக்திதான், தன்னளவில் அதற்கு ஒழுக்கம் கிடையாது. உண்மைக்காகவும் பயன்படும், உண்மைக்கு எதிராகவும் பயன்படும் என்று தாகூர் எழுதினார். மறுநாள் ஜாலியன்வாலா பாக்.

அதற்குப் பிறகு நடந்தது வழக்கமான படத்தைத் தலைகீழாக்கும். மே இறுதியில் தாகூர் தன் 'சர்' பட்டத்தைத் துறந்து வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதினார். களப்போராளியான காந்தியோ, கவியின் கடிதம் அனல் கக்குகிறது, ஆனாலும் அது காலத்துக்கு முந்தியது என்று மிதவாதத் தலைவர் சீனிவாச சாஸ்திரிக்கு எழுதினார். தாகூர் மேகத்தில் வாழ்ந்தவர், காந்தி மண்ணில் நின்றவர் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1921-ல் என்னதான் நடந்தது? தேதி வரிசையில் சொல்ல முடியுமா?

வரிசை தெரியாமல் படித்தால் எது கேள்வி, எது பதில் என்றே புரியாது. எனவே தேதியைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

மார்ச்சில் தாகூர் அமெரிக்காவில் இருக்கிறார். கிழக்கும் மேற்கும் கைகோக்க ஒரு பல்கலைக்கழகம் என்று அங்கே பேசிக்கொண்டிருக்கையில் ஊரில் ஒத்துழையாமை முழங்குகிறது. இது என்ன விதியின் கேலி என்று ஆண்ட்ரூஸுக்குக் கடிதங்கள் எழுதுகிறார். அவருடைய முதல் முறையீடு மாணவர்களைப் பற்றியது: கல்லூரியை விட்டு வா என்கிறோம், வந்தவனுக்கு வேறு கல்வி எங்கே? வெறுமைக்காகவா இந்தத் தியாகம்? அந்தக் கடிதங்கள் கல்கத்தா ஆங்கில மாத இதழான 'மாடர்ன் ரிவ்யூ'வில், மே மாதம், வெளியாகின்றன.

ஜூன் 1-ல் காந்தி தன் 'யங் இந்தியா' வார இதழில் பதில் எழுதுகிறார். வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு மறந்துபோயிற்று. விதைக்கு முன் களை பிடுங்க வேண்டும் என்பது அதன் சாரம். என் வீட்டைச் சுற்றிலும் மதில் எழுப்பி ஜன்னல்களை அடைக்க மாட்டேன், எல்லா நாட்டுப் பண்பாடும் காற்றாய் வீசட்டும், ஆனால் எதுவும் என் காலை வாரிவிடச் சம்மதியேன் என்ற புகழ்பெற்ற வரிகளும் அதே இதழில்தான் வந்தன. இன்று பள்ளிச் சுவர்களில் அவை தனியாகத் தொங்குகின்றன. நீங்கள் மதில் எழுப்புகிறீர்கள் என்ற தாகூரின் குற்றச்சாட்டுக்குச் சொன்ன மறுமொழி என்பதைச் சேர்த்து எழுதியிருக்கும் சுவர் அரிது.

ஜூலையில் தாகூர் நாடு திரும்புகிறார். ஆகஸ்டு இறுதியில் கல்கத்தாவில் வங்காளியில் உரை நிகழ்த்துகிறார். 'உண்மையின் அழைப்பு' என்பது அதன் தலைப்பு. செப்டம்பர் 6-ல் தாகூரின் கல்கத்தா ஜோராசாங்கோ வீட்டில் இருவரும் பூட்டிய அறையில் பேசுகிறார்கள். உடன் இருந்தவர் ஆண்ட்ரூஸ் மட்டும். அந்தச் சந்திப்பின் வசனங்கள் என்று இன்று சுற்றுகிறவை பிற்கால நினைவிலிருந்து எழுதப்பட்டவை. நேரடிப் பதிவுபோல மேற்கோள் காட்டக் கூடாது. பேச்சில் யாரும் யாரையும் அசைக்கவில்லை. 'மாடர்ன் ரிவ்யூ' அக்டோபர் இதழில் தாகூரின் உரை ஆங்கிலத்தில் வருகிறது. அக்டோபர் 13-ல் காந்தி 'மாபெரும் காவலன்' என்ற தலைப்பில் பதில் தருகிறார்.

'உண்மையின் அழைப்பு' கட்டுரையின் மையக் கேள்வி என்ன?

நூல் நூற்பதா கூடாதா என்பதன்று. யோசித்து ஒப்புகிறோமா, உத்தரவு என்பதால் ஒப்புகிறோமா என்பது. ஒரு வருடத்தில் சுயராஜ்யம் என்ற வாக்குறுதி, அதற்கு வழி இராட்டை, கேள்வி கேட்காதே என்ற சூழல்: இதுதான் தாகூரை உறுத்தியது. கூட்டுக்குள் ஒடுங்கு என்றதும் தேனீக்கள் கோடிக்கணக்கில் கீழ்ப்படிந்தன, மனிதனுக்கு அது போதுமா என்று கேட்கிறார். அந்நியத் துணியை எரிக்கும் இயக்கத்தைப் பற்றி இன்னும் கூர்மையாக: எரிக்கிற துணி என்னுடையதல்ல, அது இல்லாமல் தவிப்பவர்களுடையது.

காந்தியின் பதிலில் இரண்டு இடங்கள் நெஞ்சில் தைக்கும். பசித்த மக்கள் முன் கடவுள் துணிந்து தோன்றக்கூடிய ஒரே வடிவம் வேலையும், கூலியாய்ச் சோறும்தான் என்பது ஒன்று. ஆடையற்றவனுக்கு அவனுக்குத் தேவையற்ற துணியைக் கொடுத்து அவமதிக்க மாட்டேன், அவனுக்குத் தேவை வேலை என்பது மற்றது.

உரைநடையாக அது காந்தி எழுதியவற்றில் உச்சம். ஆனால் தாகூர் கேட்டதற்கு அது பதிலா? பாதிதான். சோறு வேண்டும் என்பதைத் தாகூர் மறுக்கவே இல்லை. கண்மூடித்தனம் கூடாது என்பதைக் காந்தியும் அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டு, அதனால்தான் கவியைக் காவலன் என்கிறேன் என்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, கவியும் எல்லாரையும்போல நூற்கட்டும், அந்நியத் துணியை எரிக்கட்டும் என்று முடிக்கிறார்! கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதில் மதுரை எங்கே வருகிறது?

தேதியைக் கவனியுங்கள். ஜோராசாங்கோ சந்திப்பு செப்டம்பர் 6. 'மாபெரும் காவலன்' அக்டோபர் 13. இடையில், செப்டம்பர் 22 காலை, மதுரை மேலமாசி வீதி வீட்டில் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைமுழத் துண்டுக்கு மாறினார். மதுரைக்கு வந்த ரயிலில் அந்நியத் துணி உடுத்திய பயணிகளிடம் கதர் பற்றிப் பேசியபோது, கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று சிலர் சொன்னார்கள். எரித்துவிட்டால் ஏழை எதை உடுத்துவான் என்று தாகூர் கல்கத்தாவில் கேட்டது இதே கேள்விதான். இங்கே மூன்றாம் வகுப்புப் பெட்டிக்காரர் வாயிலிருந்து வந்தது. வாங்க முடியாவிட்டால் குறைவாக உடுத்துங்கள் என்று சொல்ல வேண்டுமானால் தானே முதலில் குறைக்க வேண்டும் என்று காந்தி முடிவெடுத்தார். கவிக்கு எழுதிய மறுமொழிகளில் மிக வலுவானது இந்த எழுதாத மறுமொழிதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

1925-ல் மறுபடி ஏன் இராட்டைச் சண்டை?

1924-ல் இராட்டை அறிவுரை என்ற நிலையிலிருந்து கட்சி விதியாக மாறியதால். அந்த டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ், உறுப்பினராக இருக்க மாதம் 2,000 கெஜம் சீரான நூல் தர வேண்டும் என்று தீர்மானித்தது. நாளுக்கு 67 கெஜத்துக்குச் சற்றுக் குறைவு. தினம் அரைமணி நேரம் போதும் என்பது கணக்கு. அந்த விதியிலேயே ஓட்டை இருந்தது. உடல்நலமின்மை மட்டுமில்லாமல் 'விருப்பமின்மை' இருந்தாலும், வேறொருவர் நூற்ற அதே அளவு நூலைக் கொடுத்துவிடலாம். விருப்பமில்லாதவர் விலைக்கு வாங்கிக் கொடுத்தால் அது நூற்பா, சந்தாவா? 1925 செப்டம்பரில் பாட்னாவில் கட்டாயம் தளர்ந்தது. நூற்புப் பணிக்கென அகில இந்திய நூற்போர் சங்கம் தனியாகப் பிறந்தது.

அதே மாதம் 'மாடர்ன் ரிவ்யூ'வில் தாகூரின் 'இராட்டை வழிபாடு' வந்தது. இராட்டையில் உற்சாகம் காட்டவில்லை என்று விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் அச்சில் தன்னைக் கண்டித்ததைச் சொல்லித்தான் தொடங்குகிறார். அவர் சக்கரத்துக்கு எதிரி என்று நினைப்பவர்கள் கட்டுரையைப் படிக்கவில்லை. விஷ்ணுவின் சக்கரம் முதல் குயவன் சக்கரம், வண்டிச் சக்கரம் வரை, மனிதனின் சுமையை இறக்கிவைத்தது சக்கரம்தான் என்கிறார். ஒரே ஒரு சக்கரத்தோடு ஏன் நின்றுவிட்டீர்கள் என்பது அவர் கேள்வி. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கை, மனத்தையும் அப்படியே பழக்கிவிடும் என்பது அவர் பயம்.

நவம்பர் 5-ல் காந்தியின் பதில் வந்தது. வேலை இருப்பவனை விட்டுவிட்டு நூற்கச் சொல்லவில்லை, வேலையே இல்லாமல் பட்டினி கிடப்பவனையும் ஆண்டில் பல மாதம் சும்மா இருக்கும் விவசாயியையும் சொல்கிறேன் என்று விளக்குகிறார். கவி தன் குழலுக்குக் கோபியரை ஆடவைப்பவர், நானோ என் சீதையாகிய இராட்டையைத் தேடி அலைபவன் என்ற வேடிக்கையும் அதில் உண்டு. பொருளாதார வாதமாகக் காந்தியின் விளக்கம் நிற்கிறது. ஆனால் 2,000 கெஜ விதி பட்டினி கிடப்பவனுக்குப் போட்டதன்று, காங்கிரஸ்காரனுக்குப் போட்டது. தாகூர் சுட்டிய இடமும் அதுவே.

திருநெல்வேலிப் பேச்சு என்றால் என்ன?

1934 ஜனவரி 15-ல் பீகாரிலும் நேபாளத்திலும் கடும் நிலநடுக்கம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24-ல் திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், இது நம் பாவத்துக்கு, அதாவது தீண்டாமைக்கு, கடவுள் அனுப்பிய தண்டனை என்று நம்புவதாகச் சொன்னார்.

பத்திரிகையில் பார்த்த தாகூர் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மறுப்பை எழுதினார். எழுதி, அச்சுக்கு அனுப்பவில்லை, காந்திக்கே அனுப்பினார். நீங்கள் இப்படிப் பேசினீர்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது. பேசியது உண்மையானால் இந்த மறுப்பைத் தயவுசெய்து நீங்களே பத்திரிகைக்குக் கொடுங்கள். நடக்காததைப் பிடித்துக்கொண்டு உங்களைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை என்று உடன் கடிதம். காந்தி அதைப் தன் 'ஹரிஜன்' வார ஏட்டின் பிப்ரவரி 16 இதழில் முழுசாகப் போட்டு, தன் பதிலையும் அதே இதழில் போட்டார்.

தாகூரின் வாதம்: இயற்கைப் பேரிடருக்கு இயற்கைக் காரணம்தான் உண்டு. நம் பாவம் எவ்வளவு பெரிதானாலும் படைப்பின் கட்டமைப்பைச் சரிக்கும் பலம் அதற்கில்லை. அதைவிட முக்கியமாக, இந்தத் தர்க்கம் உங்களைவிட உங்கள் எதிரிகளுக்குத்தான் பொருந்தும். காந்தி கோயிலைத் திறக்கச் சொன்னதால்தான் பூமி நடுங்கியது என்று சனாதனிகள் சொன்னால் என்ன செய்வீர்கள்?

காந்தி பின்வாங்கவில்லை. நிரூபிக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். கேலிக்குப் பயந்து நம்பிக்கையை மறைப்பது கோழைத்தனம், என் நம்பிக்கை தவறென்று ஆனாலும் அது எனக்கும் என்னோடு நம்புகிறவர்களுக்கும் நன்மைதான் செய்திருக்கும் என்கிறார். மற்ற விவாதங்களில் இரு பக்கமும் எடை உண்டு. இதில் தாகூர் சொன்னதே சரி. நோக்கம் நல்லது என்பதற்காகக் கெட்ட தர்க்கத்தைக் கையில் எடுத்தால், அது நாளை யார் கையில் போகும் என்பது நம் வசத்தில் இல்லை.

அப்படியானால் பொதுவாக என்ன இருந்தது?

கிராமம். 1922-ல் சுருல் கிராமத்தில் ஆங்கிலேய வேளாண் நிபுணர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்டை வைத்துத் தாகூர் தொடங்கிய ஸ்ரீநிகேதனில் விவசாயம், மலேரியா ஒழிப்பு, நெசவு, தோல் வேலை எல்லாம் நடந்தன. அதற்கும் முன்பே தன் குடும்ப ஜமீனைச் சேர்ந்த பதிசரில் விவசாயிகளுக்கு வங்கி வைத்து, நோபல் பரிசுப் பணத்தை அதில் போட்டவர் அவர். தாகூருக்கு ஏழை தெரியாது என்பது அறியாமைப் பேச்சு. தாய்மொழிக் கல்வியில் இருவருக்கும் ஒரே நிலை. வெறுப்பில் விளையும் தேசப்பற்று இருவருக்குமே ஆகாது.

1932 செப்டம்பர் 26-ல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதத்தை முடித்தபோது தாகூர் அருகில் இருந்தார். 'வாழ்வு வறண்டு போகையில்' எனத் தொடங்கும் தம் வங்காளிப் பாட்டைப் பாடினார். உருக்கமான காட்சிதான். ஆனால் அந்த உண்ணாவிரதம் யாருக்கு எதிராக நெருக்கியது என்பதையும் கேட்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் முறையை விட்டுக்கொடுத்துப் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அம்பேத்கர், இருவர் மட்டும் நிற்கிற அந்தப் படத்தில் இல்லை. ஒப்பந்தம் வங்காளத்துக்குப் பாதகம் என்று தாகூரும் அடுத்த ஆண்டே வருத்தம் தெரிவித்தார்; அது அம்பேத்கரின் காரணம் அன்று.

பணவிஷயத்தில் காந்தி உதவினாரா?

உதவினார். 1936-ல், 75 வயதை நெருங்கிய தாகூர், சாந்திநிகேதனில் தான் தொடங்கிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்ட நாட்டியக் குழுவோடு டெல்லி வந்தார். இந்த வயதில் இந்த அலைச்சலா என்று காந்தி ஏற்பாடு செய்து 60,000 ரூபாய் கிடைக்கச் செய்தார். 1940 பிப்ரவரியில் காந்தியும் கஸ்தூரிபாவும் கடைசியாகச் சாந்திநிகேதன் வந்தபோது, கிளம்பும் நேரத்தில் தாகூர் ஒரு கடிதத்தைக் கையில் திணித்தார்: என் வாழ்நாளின் செல்வத்தை ஏற்றிய கப்பல் இது, இதை உங்கள் பாதுகாப்பில் ஏற்றுக்கொள்ளுங்கள். காந்தி அதை அபுல் கலாம் ஆசாத்திடம் காட்டினார். ஆசாத் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1951-ல், விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானது.

மேற்கோள் காட்டும்போது பலர் எங்கே தவறுகிறார்கள்?

மனம் எங்கே அச்சமின்றி இருக்கிறதோ என்று தொடங்கும் தாகூர் கவிதையைக் காந்திக்கு எதிரான விமர்சனமாகக் காட்டுவது முதல் தவறு. வங்காளி மூலம் 1901-ல் வெளிவந்தது. காந்தி அப்போது தென்னாப்பிரிக்கப் பக்கத்தில் வக்கீல். இரண்டாவது, பதிலை மட்டும் படிப்பது. காந்தியின் எழுத்துகள் எளிதில் கிடைப்பதால் தாகூர் சொன்னதைக் காந்தியின் சுருக்கத்திலிருந்தே எடுத்து எழுதிவிடுகிறார்கள். மூன்றாவது, வங்கச் சீர்திருத்தவாதி ராம் மோகன் ராய் விவகாரம். கபீர், நானக் பக்கத்தில் அவர் குள்ளம் என்று காந்தி 1921-ல் சொன்னதைத் தனியாக எடுத்துப் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் சிந்திக்க நேர்ந்தது அவருக்குப் பாரமாயிற்று என்பதே தன் கருத்து என்று காந்தி விளக்கியிருக்கிறார். விளக்கம் தாகூருக்குத் திருப்தி தரவில்லை என்பது வேறு.

ஒரு மாலை நேரம்தான் இருக்கிறது. எதைப் படிக்கலாம்?

நேரம் இருப்பவர்களுக்கு சப்யசாசி பட்டாச்சார்யா தொகுத்து நேஷனல் புக் டிரஸ்ட் 1997-ல் வெளியிட்ட கடித, விவாதத் தொகுப்பு போதும். இரு பக்கமும் ஒரே அட்டைக்குள் இருக்கிறது. அதிலும் 1921 மே முதல் அக்டோபர் வரை தேதி வரிசையில் படியுங்கள், முன்னுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாலை என்றால் 1934-ஐ எடுங்கள். தாகூரின் உடன்கடிதம், மறுப்பு, காந்தியின் பதில் என்று மூன்றே துண்டு. உடன்கடிதத்தை முதலில் படிக்க வேண்டும். பெரும்பாலான கட்டுரைகளில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.